அதிகாரி வந்த அன்று அக்கா எழுந்து நின்றாள்

இருபத்தாறு ஆண்டுகளாக நாட்குறிப்பு எழுதி வருகிறேன். முதல் வரி வானிலை. இரண்டாவது வரி, அன்று தொழிற்சாலைக்கு வந்த பச்சைத் தேயிலைக் கொழுந்தின் எடை. எடை எழுதுவதுதான் அங்கே என் வேலை. கணக்கு எழுதுகிறவரைத் தோட்டத்தில் கிராணி என்பார்கள், நான் சின்னக் கிராணி. தராசை வீட்டுக்கும் தூக்கிக்கொண்டு வந்துவிடுகிறேன் என்று அக்கா கேலி செய்வாள். அவளுக்கு வாதம் வந்து வலது கையும் காலும் விழுந்த பிறகு மூன்றாவது வரி ஒன்று சேர்ந்தது. எத்தனை கரண்டி சோறு சாப்பிட்டாள், எத்தனை மணிக்குத் தூங்கினாள், எத்தனை முறை துணி மாற்ற வேண்டியிருந்தது என்பதெல்லாம் அதில் வரும். அந்த மூன்றாவது வரிகளை வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். ஞாபகத்தை நம்பி எழுதினால் எனக்குச் சாதகமாக எழுதிவிடுவேன்.

அக்கா என்னைவிடப் பதினொரு வயது மூத்தவள். பதினாறு வயதில் கொழுந்துக் கூடையை முதுகில் மாட்டியவள். பிறகு கொழுந்து வெட்டுகிற கத்தரி வந்தது, அதற்குப் பிறகு இரண்டு பேர் பிடிக்கிற மெஷின் வந்தது. எல்லாவற்றுக்கும் பழகிக்கொண்டு ஓய்வு வயதுவரை இதே தோட்டத்தில் வேலை செய்தாள். அவளும் கல்யாணம் செய்துகொள்ளவில்லை, நானும் செய்துகொள்ளவில்லை. பெரிய கதை ஒன்றும் இல்லை. பார்த்த இடங்கள் அமையவில்லை. பிறகு பார்ப்பதற்கு ஆட்கள் இல்லாமல் போய்விட்டார்கள். தோட்டம் கொடுத்த வரிசை வீடுகளான லயத்தின் கடைசி வீட்டில் நாங்கள் இருவர். இப்போது இந்த லயத்தில் தமிழ்க் குடும்பங்கள் நான்குதான். மற்ற வீடுகளில் வங்காளதேசத்து ஆட்களும் நேப்பாளிகளும் இருக்கிறார்கள். எல்லாரும் வேலைக்குப் போய்விட்டால் பகலில் பொதுக்குழாய் சொட்டுகிற சத்தம் எங்கள் வீடுவரை கேட்கும். அந்தச் சத்தத்தை அக்கா எட்டு மாதம் தனியாகக் கேட்டுக்கொண்டு கிடந்தாள்.

என்னால் வேலையை விட முடியாது. தோட்டத்துப் பேரேட்டில் பெயர் இருக்கிறவரைதான் லயத்து வீடு. காலை ஆறே முக்காலுக்குக் கிளம்புவேன். பத்தரைக்கு ஒருமுறை, ஒன்றேகாலுக்கு ஒருமுறை மோட்டார் சைக்கிளில் வந்து பார்ப்பேன். வீட்டுக்கு ஏழு நிமிடம். மழையென்றால் பதினொன்று. இடையில் அவள் நனைத்துக்கொண்டால் நனைந்தபடிதான் கிடக்க வேண்டும். இந்த மலைக் குளிரில் அது எப்படி இருக்கும் என்று நான் ஒருமுறைகூடக் கேட்டதில்லை. அவளும் சொன்னதில்லை.

எங்களால் கடக்கவே முடியாத காரியம் குளியல்தான். முகம், கை, பாதம், இவ்வளவுவரை நான் துடைத்துவிடுவேன். அதற்கு மேல் அக்கா சம்மதிக்க மாட்டாள். என்னை இடுப்பில் வைத்துக்கொண்டு திரிந்தவள் அவள். இப்போது என் கை பட வேண்டும் என்பதை அவளால் ஏற்க முடியவில்லை. என்னாலும்தான். மூன்றாவது வீட்டில் இருக்கிற லாரிக்காரரின் மனைவி வாரத்தில் மூன்று நாள் காலையில் வந்து அவளைக் குளிப்பாட்டுவாள். பக்கத்து ஊரான கியா பார்மில் ஒரு காய்கறிக் கடையில் தரம் பிரித்துக் கட்டுகிற வேலை அவளுக்கு. கடை முதலாளியைத் தவுக்கே என்பாள். ஏழு மணிக்கு அந்தக் கடையின் லாரி வருவதற்குள் முடித்துவிட்டு ஓடுவாள். நான் தண்ணீர் காய்ச்சி வாளியில் ஊற்றி வைத்துவிட்டு வீட்டுக்குப் பின்னால் போய் நின்றுகொள்வேன். உள்ளே இருவரும் ஏதோ பேசிச் சிரிப்பது கேட்கும். அந்த மூன்று நாட்களைத் தவிர அக்கா சிரித்து நான் கேட்கவில்லை.

ஒருநாள் லாரிக்காரர் மனைவி ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே வாசலுக்கு வந்தாள்.

“அண்ணே, ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. தவுக்கே இனிமே வெள்ளன வரச் சொல்றாரு. அஞ்சரைக்கே லோரி வந்துரும். எனக்கு நேரம் இருக்காதுலா.”

“ஆள் வச்சுப் பாக்க நமக்கு முடியாதே.”

“அது தெரியாமயா சொல்றேன். பேசாம கீழ ஈப்போ டவுன்ல வயசானவங்க ஹோம் இருக்குல்ல, அங்க கேட்டுப் பாருங்க. அங்க நர்சு எல்லாம் இருக்காங்களாம்.”

ஹோம் என்ற சொல்லை மட்டும் குரலைத் தணித்துச் சொன்னாள். உள்ளே கட்டிலிலிருந்து அக்காவின் குரல் வந்தது. வாதத்தில் அவள் நாக்கு கொஞ்சம் தடித்திருந்தது, காதுக்கு ஒன்றும் ஆகவில்லை.

“அனுப்புறதுன்னா சொல்லிட்டு அனுப்புங்க. தூங்குறப்ப கார்ல ஏத்திறாதீங்க.”

லாரிக்காரர் மனைவி சிரித்தாள். நானும் சிரித்தேன். அன்றைய மூன்றாவது வரியில் இதை எழுதவில்லை, ஓரத்தில் சிறியதாக எழுதி வைத்திருக்கிறேன்.

தானா ராத்தா மருத்துவமனையில் மாதத்துக்கு ஒருமுறை அக்காவுக்குக் கை கால் பயிற்சி கொடுப்பார்கள். அங்கிருந்த தாதி ஒருவர்தான் உதவித் தொகையைப் பற்றிச் சொன்னார். படுத்த படுக்கையாகிவிட்டவரை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்பவருக்கு அரசாங்கம் மாதாமாதம் ஒரு தொகை கொடுக்கிறதாம். நல அலுவலகத்தில் விண்ணப்பப் பாரம் வாங்கி நிரப்பினால் அதிகாரி வீட்டுக்கு வந்து பார்ப்பாராம். நான் லாரிக்காரர் மனைவியிடம் சொன்னேன்.

“அது கெடைச்சா நான் தவுக்கேக்கு ஒரு கும்பிடு போட்டுர்றேன். குளிர்ல நின்னு முட்டக்கோசு தோல உரிக்கிறதுக்கு அக்கா கூடவே நாள் பூரா இருந்துடலாம். எழுதிப் போடுங்க.”

தவுக்கேயிடம் கெஞ்சி இரண்டு மாதம் தவணை வாங்கினாள். அந்த இரண்டு மாதத்துக்குள் உதவி கிடைக்காவிட்டால் அக்கா ஈப்போவுக்குப் போக வேண்டியதுதான். எங்கள் மூவருக்கும் அது தெரியும்.

பாரத்தை ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து நிரப்பினேன். வீட்டு வருமானம் ஒரு கோட்டுக்குக் கீழே இருக்க வேண்டும். என் சம்பளம் கோட்டுக்குக் கீழேதான் இருந்தது, அதிக தூரத்தில் இல்லை. நோயாளியின் நிலை பற்றி மருத்துவர் ஒரு பக்கம் எழுத வேண்டும், எழுதித் தந்தார். பராமரிப்பவர் என்ற இடத்தில் என் பெயரையும், தொழில் என்ற இடத்தில் தோட்ட எழுத்தர், முழு நேரம் என்பதையும் எழுதினேன். உண்மை அதுதான்.

அதிகாரி வருகிற நாள் கடிதத்தில் வந்தது. செவ்வாய்க்கிழமை, காலை பத்து மணி.

துரை லயம் பார்க்க வருகிறார் என்றால் முதல் நாளே சாக்கடையைக் கழுவி, சுவருக்குச் சுண்ணாம்பு அடித்து, கிழிந்த துணி எதுவும் கொடியில் தொங்காமல் பார்த்துக்கொள்கிற பழக்கம் எங்கள் தோட்டங்களில் இருந்தது. துரைமார் போய் மேனேஜர் வந்து எத்தனையோ காலம் ஆகிவிட்டது, பழக்கம் போகவில்லை. திங்கட்கிழமை மாலை நான் வீட்டைக் கழுவினேன். மூத்திர வாடை போவதற்குச் சாம்பிராணி போட்டேன். படுக்கைக்குப் புது விரிப்பு போட்டேன். மறுநாள் காலை லாரிக்காரர் மனைவி வேலைக்குப் போகாமல் வந்து அக்காவுக்குத் தலை வாரி, பவுடர் பூசி, பொட்டு வைத்து, தீபாவளிச் சேலையைக் கட்டிவிட்டாள். முறுக்கும் பிஸ்கட்டும் தட்டில் வந்து உட்கார்ந்தன. ஒரு மனுஷியால் எதுவும் செய்துகொள்ள முடியவில்லை என்று காட்ட வேண்டிய நாளில், எல்லாம் நன்றாக இருக்கிறது என்று காட்ட இத்தனையும் செய்தோம். அப்போது மூவரில் ஒருவருக்கும் அது உறைக்கவில்லை.

அதிகாரி சின்ன வயது மலாய்ப் பெண். காரைக் கீழே நிறுத்திவிட்டு, கோப்பு ஒன்றை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு படியேறி வந்தார். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே காலெடுத்து வைத்தார்.

அக்கா கட்டிலின் ஓரத்தில் தலையணை சாய்த்து உட்கார்ந்திருந்தாள். இடது கையால் ஜன்னல் கம்பியைப் பிடித்தாள். நான் நாற்காலியை நகர்த்திக்கொண்டிருந்தேன். நிமிர்ந்து பார்த்தபோது அக்கா நின்றுகொண்டிருந்தாள். வலது கால் துணிபோலத் தொங்கியது. உடம்பு முழுவதும் இடது காலிலும் அந்தக் கம்பியிலும் இருந்தது. எட்டு மாதத்தில் அவள் நின்றது அதுதான் முதல் தடவை.

“வாங்க, உக்காருங்க,” என்றாள். பிறகு மலாயிலும் சொன்னாள். “சிலா டுடோக், சிலா டுடோக்.”

ஆபீஸிலிருந்து வந்த ஒருவர் நிற்க, தான் உட்கார்ந்திருப்பது அவளால் முடியாத காரியம். அவள் வேலை செய்த காலத்தில் காலை ஆறு மணிக்கு, பெயர் கூப்பிட்டு வேலை பிரிக்கிற பெரட்டுக் களத்தில் வரிசையில் நிற்க வேண்டும். உடம்புக்கு முடியவில்லை என்றால் தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருத்துவ உதவியாளரான டிரசர் பார்ப்பார். அடிக்கடி முடியவில்லை என்று வருகிறவர்களின் பெயர் பேரேட்டிலிருந்து போய்விடும், பெயரோடு வீடும் போய்விடும். காய்ச்சலிலும் காலை இழுக்காமல் டிரசர் முன்னால் நடந்து காட்டியவர்கள் எங்கள் ஆட்கள். நிற்கிறவரைதான் இடம் உண்டு என்பதை அக்கா யாரும் சொல்லித் தெரிந்துகொள்ளவில்லை.

எனக்கு அப்போது இதெல்லாம் தோன்றவில்லை. சந்தோஷம்தான் வந்தது. “அக்கா நின்னுட்டா,” என்று தமிழில் சொல்லி, மறுபடி மலாயிலும் சொன்னேன். அதிகாரியும் முகம் மலர்ந்து அக்காவின் கையைப் பிடித்து உட்கார வைத்தார். “மாக்சிக் கெட்டிக்காரி,” என்றார், பெரியம்மா என்கிற உரிமையோடு.

பிறகு கேள்விகள். சாப்பிடுவது, குளிப்பது, உடுத்துவது, கழிவறைக்குப் போவது, கட்டிலிலிருந்து இறங்குவது, நடப்பது. ஒவ்வொன்றுக்கும் மூன்று கட்டங்கள்: தானாக, உதவியுடன், முடியாது. நான் நாட்குறிப்பைத் திறந்து வைத்துக்கொண்டேன்.

“தானாகச் சாப்பிடுவாரா?”

“இடது கையில் கரண்டியால் சாப்பிடுவாள். குழம்பு சோறு என்றால் சிந்தும். கஞ்சி என்றால் நான் ஊட்ட வேண்டும். போன வாரம் பகலும் இரவுமாகப் பதினான்கு வேளையில் ஒன்பது வேளை தானாக.”

அவர் பேனாவை முதல் கட்டத்துக்கு மேலே பிடித்தார், இரண்டாவதுக்கு நகர்த்தினார், என்னைப் பார்த்தார். “என்சிக், ஏதாவது ஒன்றைச் சொல்லுங்கள்,” என்றார். என்சிக் என்றால் ஐயா.

இப்படியே ஆறு கேள்விக்கும் நடந்தது. பகலில் பத்து மணி நேரம் தனியாகக் கிடக்கிறாள் என்பதை எந்தக் கேள்வியின் கீழ் சொல்வது என்று தேடினேன். கேட்டால் சொல்லலாம் என்று காத்திருந்தேன். அவர் ஒரு முறுக்கை எடுத்துக் கடித்து, நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார்.

மூன்று வாரத்தில் கடிதம் வந்தது. நிபந்தனைகள் பூர்த்தியாகாததால் விண்ணப்பம் ஏற்கப்படவில்லை, மீண்டும் விண்ணப்பிக்கலாம் என்று இருந்தது. எந்த நிபந்தனை என்று இல்லை. எனக்கு அது தேவைப்படவும் இல்லை. எந்த நிபந்தனை என்று எனக்குத் தெரியும். அக்கா நின்றுவிட்டாள்.

அவளிடம் நான் அப்படிச் சொல்லவில்லை. லாரிக்காரர் மனைவியிடம்தான் வாசலில் வைத்துச் சொன்னேன். அக்காவின் காது நல்ல காது என்று முன்பே எழுதியிருக்கிறேன்.

“நீங்களும்தாண்ணே,” என்றாள் அவள். “அவங்க கேட்டா ஸ்கூல் பரீட்சைக்குப் பதில் சொல்ற மாதிரி ஒப்பிச்சுக்கிட்டு இருந்தீங்க. இதுல பெயில் ஆனாத்தான்லா பாஸ்.”

ஆனால் நின்ற பிறகு அக்காவுக்கு ஆசை வந்துவிட்டது. அந்த மூன்று வாரத்திலும் மாலையில் நான் வந்ததும் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொள்வாள். நான் இடுப்பைத் தாங்குவேன். முதல் நாள் நான்கு மூச்சு விடும் நேரம் நின்றாள். பத்தாவது நாள் பதினாறு. பதினெட்டாவது நாள் என் தோளைப் பிடித்துக்கொண்டு சமையலறை நிலைவரை இரண்டு எட்டு வைத்தாள். அங்கே நின்று அடுப்பைப் பார்த்தாள்.

“இப்படியா அடுப்ப வச்சிருக்க? பொம்பள இல்லாத வீடுன்னு எழுதி ஒட்டியிருக்கு.”

எட்டு மாதமாக அவள் அந்த அடுப்பைப் பார்க்கவில்லை. அன்று இருவரும் சமையலறையிலேயே உட்கார்ந்து காப்பி குடித்தோம். மருத்துவமனையில் பயிற்சி கொடுப்பவர், விடாமல் செய்யுங்கள், இந்த நேரத்தை விட்டால் தசை போய்விடும் என்றார்.

இரண்டாவது விண்ணப்பத்தை நான் உடனே போட்டேன். இம்முறை பராமரிப்பவர் என்ற இடத்தில் லாரிக்காரர் மனைவியின் பெயரை எழுதச் சொன்னது அவள்தான். “நான்தானே பாத்துக்கப் போறேன், என் பேரு போடுங்க. நாளைக்கு வேற ஒருத்தியக் கூட்டியாந்துருவீங்க,” என்று சிரித்தாள். முழு நேரமும் உடனிருப்பார் என்று எழுதி அவளிடம் கையெழுத்து வாங்கினேன். நாள் வந்தது. இம்முறை வியாழக்கிழமை.

முதல் நாள் மாலை பயிற்சிக்காக அக்கா கம்பியைப் பிடித்தபோது நான் அவள் கையை எடுத்து மடியில் வைத்தேன்.

“நாளைக்கு அவங்க வந்தா நீ எந்திரிக்காதக்கா.”

“ஏன்?”

“எந்திரிச்சா குடுக்க மாட்டாங்க.”

“பொய் சொல்லணுமா?”

“நீ ஒண்ணும் சொல்ல வேணாம். படுத்திருந்தா போதும்.”

“ஆபீஸ் ஆளு நிக்கிறப்ப நான் நீட்டிப் படுத்திருக்கிறதா?”

“ஈப்போ போறியா?”

இதைச் சொல்லியிருக்க வேண்டாம். நாட்குறிப்பில் இதை அப்படியே எழுதி வைத்திருக்கிறேன், அடிக்கவில்லை. அக்கா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அன்று பயிற்சி இல்லை.

வியாழக்கிழமை சாம்பிராணி போடவில்லை. புது விரிப்பு இல்லை. பழைய நைட்டியோடு கழுத்துவரை போர்வை. வந்தவர் அதே அதிகாரிதான். செருப்பைக் கழற்றும்போதே, “மாக்சிக் இன்றைக்கு நிற்கவில்லையா?” என்று கேட்டார். கேலியாகத்தான் கேட்டார்.

“அன்றைக்கு மட்டும்தான்,” என்றேன். “அதற்குப் பிறகு நிற்கவில்லை.”

இருபத்தாறு ஆண்டுகளில் நான் தராசின் முள்ளை ஒரு கோடுகூட மாற்றி எழுதியதில்லை. அதனால் நான் நல்லவன் என்று ஆகிவிடாது. ஆனால் அந்தப் பொய் என் வாயிலிருந்து எவ்வளவு சுலபமாக வந்தது என்பது எனக்கே புதிதாக இருந்தது.

அதிகாரி போர்வையை விலக்கி அக்காவின் வலது காலைத் தொட்டார். தூக்க முடிகிறதா மாக்சிக் என்று கேட்டார். முந்தின நாள்வரை ஒரு சாண் உயரம் தூக்கிய கால். அக்கா என்னைப் பார்த்தாள். கால் அசையவில்லை. அவர் எழுதிக்கொண்டார். மற்றக் கேள்விகளுக்கு நான் இரண்டு சொல்லுக்கு மேல் பதில் சொல்லவில்லை. போகும்போது அவர் அக்காவின் போர்வையைச் சரியாக இழுத்து மூடிவிட்டுப் போனார்.

அடுத்த மாதம் உதவி கிடைத்தது. ஆண்டுக்கு ஒருமுறை மறுபடி பார்க்க வருவார்கள் என்றும் கடிதத்தில் இருந்தது.

லாரிக்காரர் மனைவி சொன்னபடியே கடை வேலையை விட்டாள். காலை ஏழு மணிக்கு வந்தால் மாலை நான் திரும்பும்வரை இருந்தாள். அக்கா தினமும் குளித்தாள். முதுகில் தொடங்கியிருந்த புண் ஆறியது. சூடான சோறு, நேரத்துக்கு மருந்து, பேச்சுக்குத் துணை. தாழ்வாரத்தில் அக்காவின் சிரிப்பு கேட்கிறது என்று நேப்பாளத்துக்காரர் ஒருவர் சொன்னார். பத்தரைக்கும் ஒன்றேகாலுக்கும் நான் ஓட வேண்டியதில்லை. ஆனாலும் சில நாள் பழக்கத்தில் மோட்டாரை எடுத்துவிட்டு, பாதி வழியில் திரும்பியிருக்கிறேன்.

அக்கா மட்டும் எழுந்திருக்கவில்லை.

முதல் வாரம் களைப்பு என்று நினைத்தேன். இரண்டாவது வாரம் கேட்டேன்.

“வாக்கா, கம்பியப் புடி.”

“வேணாம்பா. சன்னல் வழியா யாராவது பாத்துட்டா?”

ஜன்னலுக்குத் திரை போட்டேன். அப்போதும் வரவில்லை. ஜன்னலைப் பார்க்கிற நாற்காலி ஒன்று இருந்தது, முன்பு அதில் உட்கார்ந்து கொழுந்து லாரி போவதைப் பார்ப்பாள். அதற்கும் இறங்கவில்லை. லாரிக்காரர் மனைவியும், “அக்கா படுத்துக்கட்டும்ணே, எதுக்கு வம்பு,” என்றாள். அவளைக் குறை சொல்ல முடியாது. இருந்த வேலையை விட்டுவிட்டு வந்தவள். மாலையில் அவள் போன பிறகு வீட்டில் நாங்கள் இருவர்தான். முன்பு மூச்சை எண்ணுகிற சத்தமாவது இருந்தது. இப்போது நான் சமைப்பேன், ஊட்டுவேன், அவள் தூங்குவாள். ஒன்பது மணிக்கு மேல் எழுதுவதற்கு ஒன்றும் இருக்காது. மருத்துவமனையில் பயிற்சி கொடுப்பவர் பாதத்தை வளைத்துப் பார்த்துவிட்டு, இறுகிப் போகிறது, வீட்டில் செய்வதில்லையா என்று கேட்டார். செய்கிறோம் என்றேன். அது இரண்டாவது பொய்.

ஏழாவது மாதம் ஒரு பத்திரத்தை ஒப்படைக்க நல அலுவலகத்துக்குப் போனேன். முகப்பில் அதே அதிகாரி இருந்தார். பத்திரத்தை வாங்கி முத்திரை குத்தினார். எழுந்து வர இருந்தவன் கேட்டுவிட்டேன். நாங்கள் மலாயில் பேசியதை முடிந்தவரை அப்படியே எழுதுகிறேன்.

“என் அக்கா மறுபடி எழுந்து நின்றால் உதவியை நிறுத்திவிடுவீர்களா?”

“ஏன் நிறுத்த வேண்டும்?”

“முதல் தடவை அதனால்தானே கிடைக்கவில்லை.”

அவர் என்னைப் பார்த்துவிட்டு, கணினியில் தேடி, பிறகு உள்ளே போய்க் கோப்பையே எடுத்து வந்தார். பழைய பாரத்தை என் பக்கம் திருப்பி வைத்தார்.

“ஜன்னலைப் பிடித்துக்கொண்டு நிற்பது உதவியுடன் என்ற கட்டம், என்சிக். அதில்தான் குறித்திருக்கிறேன். அது போதும். தடை இங்கே இருந்தது.” அவர் விரல் என் கையெழுத்தில் நின்றது. பராமரிப்பவர், தோட்ட எழுத்தர், முழு நேரம். “இந்த உதவி கூட இருந்து பார்த்துக்கொள்பவருக்கு. பகலில் அவரோடு யாரும் இல்லை என்று நீங்களே எழுதியிருந்தீர்கள். பிறகு யாருக்குக் கொடுப்பது? இரண்டாவது தடவை ஆள் பெயர் இருந்தது. கொடுத்துவிட்டார்கள்.”

“கடிதத்தில் அதைப் போட்டிருக்கலாமே.”

“கடிதம் எல்லாருக்கும் ஒரே மாதிரிதான் போகும். தொகையும் அப்படித்தான், கோடும் அப்படித்தான். மலைக்குக் கீழே வெயிலில் இருக்கிறவருக்கும் இங்கே குளிருக்குத் தண்ணீர் காய்ச்சுகிறவருக்கும் ஒன்றுதான். மேலே முடிவு செய்து அனுப்புகிறார்கள், நான் பார்த்ததை எழுதுகிறேன். நீங்கள் வந்து கேட்டிருந்தால் அன்றைக்கே சொல்லியிருப்பேன்.”

அது சரிதான். ஏன் என்று கேட்கலாம் என்றே எனக்குத் தோன்றவில்லை. டிரசர் முடிவு செய்துவிட்டால் ஏன் என்று கேட்டவர்கள் எங்கள் வீட்டில் யாரும் இல்லை.

“அவள் நன்றாக நடந்துவிட்டால்?”

“தானாகக் குளித்து, தானாகச் சமைத்து, துணை வேண்டாம் என்று ஆகிவிட்டால் அப்போது நிறுத்த வேண்டிவரும். ஆகட்டுமே, அது நல்லதுதானே. மாக்சிக் எப்படி இருக்கிறார்?”

“அப்படியேதான் இருக்கிறாள்,” என்றேன். இரண்டாவது தடவை நான் சொன்னது பொய் என்று சொல்ல வாயெடுத்தேன். பின்னால் வரிசையில் ஆறு பேர் நின்றார்கள். அவர் கோப்பை மூடிவிட்டார்.

வீட்டுக்கு வந்தபோது லாரிக்காரர் மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள். கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பாரத்தில் என் பெயரை எழுதியது, அதிகாரியின் விரல், கடிதம், எல்லாம்.

“அப்ப மொத தடவ நான் நின்னது தப்பில்லையா?”

“இல்லக்கா.”

“நான்தான் கெடுத்துட்டேன்னு இருந்தேன்.”

“இல்ல. நான் எழுதுனதுதான்.”

திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

நான் திரையை விலக்கினேன். “வா, இப்ப நிக்கலாம்,” என்றேன். லாரிக்காரர் மனைவி துணியை வைத்துவிட்டு மறுபக்கம் வந்து அக்காவின் அக்குளில் கை கொடுத்தாள்.

“நான் நடந்துட்டா நீ கியா பார்முக்கே போயிருவ, என்ன?” என்று அக்கா அவளிடம் கேட்டாள்.

“பின்ன? நீங்க கோலாட்டம் ஆடிக்கிட்டுத் திரிவீங்க, நான் உங்களக் குளிப்பாட்டுறேன்னு ஒக்காந்திருக்கவா? தவுக்கே இன்னமும் போன் போட்டுக்கிட்டுத்தான் இருக்காரு.”

அவள் விளையாட்டுக்குச் சொன்னாள். அக்கா சிரிக்கவில்லை.

ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணித் தூக்கினோம். கட்டிலிலிருந்து இடுப்பு நான்கு விரல் உயரம் எழும்பி மறுபடி உட்கார்ந்தது. இரண்டாவது முறையும் அப்படியே. வலது பாதம் மடங்கிக் கிடந்தது, அது நான் எதிர்பார்த்ததுதான். நான் குனிந்து பார்த்தது இடது காலை. கெட்டுப்போகாத கால், அன்று அவளை முழுதாகத் தாங்கிய கால். அதை அவள் தரையில் ஊன்றவே இல்லை. குதிகாலைத் தூக்கி விரல் நுனியில் வைத்திருந்தாள்.

என் கண்ணும் அவள் கண்ணும் சந்தித்தன. அவள் பார்வையை விலக்கிக்கொண்டாள்.

“முடியலப்பா,” என்றாள்.

“சரிக்கா.”

“நாளைக்குப் பாப்போம்லா,” என்றாள் லாரிக்காரர் மனைவி, மூச்சு வாங்கிக்கொண்டே. அக்காவைச் சாய்த்துப் படுக்க வைத்தோம். தலையணையைச் சரி செய்தாள், போர்வையை இழுத்துவிட்டாள், மடித்த துணியை அலமாரியில் வைத்தாள். மணி ஐந்தரை. அவள் புறப்பட வேண்டிய நேரம். அவள் செருப்பை மாட்டுகிறவரை அக்கா வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நாளைக்கு எத்தன மணிக்கு வருவ?”

“எப்பவும் போல ஏழு மணிக்குத்தான்கா.”

“கொஞ்சம் முன்ன வர முடியுமான்னு பாரு,” என்றாள் அக்கா.